3,800 ரீசெல்லர்கள், ஒரே நம்பர்: வாட்ஸ்அப் ஏபிஐக்கு நேரடியாகப் போவதா, இடையில் ஒரு நிறுவனம் வழியாகவா?

இளம்பிள்ளை தறி எழுதியது:

வணக்கம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் எங்களுக்குப் புடவை வியாபாரம். சொந்தத் தறி ஆறு ஓடுகிறது, மீதிச் சரக்கை ஊரில் உள்ள மற்ற தறிக்காரர்களிடம் எடுத்து விற்கிறோம். கடைக்கு நேரில் வருபவர்கள் கொஞ்சம்தான், முக்கால்வாசி வியாபாரம் வாட்ஸ்அப் ரீசெல்லர்கள் மூலம் நடக்கிறது. எல்லாமே அப்பாவின் நம்பரில். ஒன்பது வருடமாக அதே நம்பர், ஏறக்குறைய 3,800 ரீசெல்லர்கள், பெரும்பாலும் வீட்டில் இருந்தபடி விற்கும் பெண்கள்.

இப்போது எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா மடிப்பு மேசையில் புடவையை விரித்து, முந்தி ஒரு படம், பார்டர் ஒரு படம், பிளவுஸ் பிட் ஒரு படம் எடுப்பார், கூடவே "சாஃப்ட் சில்க், அஞ்சு கலர் இருக்கு, சிங்கிள் பீஸும் தருவோம்" என்று ஒரு வாய்ஸ் நோட். ஒரு நாளைக்கு 40 படம் வரை போகும். பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் பதினைந்து லிஸ்ட் வைத்திருக்கிறோம், பதினைந்துக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். நம் நம்பரை சேவ் செய்யாதவர்களுக்கு அதுவும் போய்ச் சேராது. பேக்கிங்கில் இருக்கும் மூன்று பேர் லிங்க் செய்த கம்ப்யூட்டரில் பதில் போடுகிறார்கள், யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் ஒரே புடவையை இரண்டு பேருக்கு உறுதி செய்துவிடுகிறார்கள். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே நாளில் பதினோரு பேருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். அதில் நான்கு பேர் அதற்குப் பிறகு ஆர்டர் போடவே இல்லை.

ஏபிஐக்கு, அதாவது ஆப்புக்குப் பதில் ஒரு மென்பொருள் வழியாக வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பி வாங்கும் வசதிக்கு, மாறிவிடலாம் என்று முடிவெடுத்தாயிற்று, எந்த வழியில் என்பதில்தான் குழப்பம். சித்தி மகன் கோவையில் இன்ஜினியரிங் முடித்திருக்கிறான், வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவின் கிளவுட் ஏபிஐயில் நேரடியாகவே செய்துவிடலாம், இடையில் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்கிறான். இன்னொரு பக்கம் ஒரு நிறுவனத்துக்காரர்கள் மாதம் 2,500 ரூபாய், மெசேஜ் காசு தனி, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் கடைக்கே வந்து, வருடத்துக்கு 6,000 ரூபாய் கொடுங்கள், க்யூஆர் ஸ்கேன் செய்தால் போதும், மெசேஜுக்குக் காசே கிடையாது என்று லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். அப்பாவுக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது.

எனக்கு ஒரே பயம், அந்த நம்பர் போய்விடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தீவனக் கடை எழுதியது:

மூன்றாவது வழியை இன்றைக்கே விட்டுவிடுங்கள், தம்பி. நாமக்கல்லில் கோழித் தீவன ஏஜென்சி வைத்திருக்கிறேன். இதே மாதிரி க்யூஆர் ஸ்கேன் செய்யும் மென்பொருளைத்தான் வாங்கினேன். உள்ளே அது செய்வது வேறொன்றும் இல்லை, வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருப்பது போல நடித்துக்கொண்டு வரிசையாக மெசேஜ் தள்ளும், அவ்வளவுதான். வாட்ஸ்அப் விதியில் இதற்கு இடமே இல்லை. முதல் வாரம் அருமையாக ஓடியது. இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை காலையில் 600 பேருக்கு விலைப் பட்டியல் அனுப்பினேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து போனை எடுத்தால் இந்த நம்பர் வாட்ஸ்அப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று திரையில் நிற்கிறது.

மறுபரிசீலனைக்குக் கொடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. விற்றவருக்குப் போன் செய்தால் புது சிம் வாங்கி அதில் போடுங்கள் என்கிறார். ஏழு வருடமாக லாரிக்காரர்கள், பண்ணைக்காரர்கள் எல்லோரிடமும் இருந்த நம்பர் அது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புது நம்பரைச் சொல்ல மூன்று மாதம் ஆனது. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

---

மாட்டுத்தாவணி எழுதியது:

நான் மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இரண்டு வருடமாக நிறுவனம் வழியாகத்தான் போகிறேன், அதில் வருத்தம் இல்லை. எனக்கு கோடு எழுதத் தெரியாது, எழுதித் தரவும் வீட்டில் ஆள் இல்லை. மூன்று பேர் ஒரே இன்பாக்ஸில் உட்காருகிறோம், ஒருவர் எடுத்த சாட்டை மற்றவர் தொட முடியாதபடி ஒதுக்கி வைக்கலாம், உங்கள் இரட்டை விற்பனைப் பிரச்சினைக்கு அதுவே பாதி மருந்து.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நிறுவனத்தில் நான் செய்த தவறு, எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை அவர்கள் தங்கள் மெட்டா போர்ட்ஃபோலியோவுக்குள், அதாவது ஒரு நிறுவனத்தின் மெட்டா கணக்குகளை எல்லாம் வைக்கும் இடத்துக்குள், திறந்துவிட்டார்கள். சிம் என்னிடம், நம்பர் என் பெயரில், கணக்கு மட்டும் அவர்களிடம். ஒரு வருடம் கழித்துக் கட்டணத்தை இரண்டு மடங்கு ஏற்றினார்கள், வெளியே வருகிறேன் என்றேன். நம்பரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமானால் அதில் போட்டிருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை எடுத்துவிட வேண்டும், அந்த ஆறு இலக்க பின் அவர்களிடம். டிக்கெட் போடுங்கள், டீம் பார்க்கிறது, நாளை சொல்கிறோம் என்று 19 நாள் இழுத்தார்கள். பழைய சாட் எதுவும் கூட வரவில்லை, அது அவர்கள் சர்வரில் இருந்தது, எக்ஸ்போர்ட் கேட்டால் அதற்கும் தனிக் காசு.

ஆகவே நிறுவனம் வழியாகப் போவதாக இருந்தால், முதலில் உங்கள் பெயரில் மெட்டா பிசினஸ் போர்ட்ஃபோலியோவை நீங்களே திறந்துகொள்ளுங்கள். அப்பாவும் நீங்களும், இரண்டு பேரும் அட்மின். அதற்கப்புறம் நிறுவனத்தில் பதிவு செய்யும்போது வரும் பாப்அப்பில் உங்கள் போர்ட்ஃபோலியோவைத் தேர்ந்தெடுங்கள். பின் நம்பரை நீங்களே வையுங்கள், டைரியில் எழுதி வையுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டால் எந்த நிறுவனம் என்பது பெரிய விஷயமே இல்லை, பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம்.

---

கோவை கோடு எழுதியது:

நான் புரோகிராமர். நான்கைந்து கடைகளுக்கு கிளவுட் ஏபிஐ நேரடியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், சித்தி மகன் சொல்வது முடியாத காரியம் இல்லை. 2022 மே மாதம் மெட்டா கிளவுட் ஏபிஐயை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன்பு சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஆன் பிரமிஸ் முறை இருந்தது, அதை 2025 அக்டோபரோடு மூடிவிட்டார்கள், எனவே யாராவது அதைப் பற்றிப் பழைய கட்டுரை அனுப்பினால் படிக்க வேண்டாம். இப்போது நேரடியாகப் போனாலும் நிறுவனம் வழியாகப் போனாலும் அடியில் ஓடுவது ஒரே கிளவுட் ஏபிஐதான். நிறுவனத்துக்குக் கொடுக்கும் காசு இன்பாக்ஸுக்கும், பில்லுக்கும், இரவு பத்து மணிக்கு எதாவது நின்றால் போன் எடுக்கும் ஆளுக்கும்தான்.

சித்தி மகனிடம் முதலில் இதைக் கேளுங்கள்: பேக்கிங்கில் உள்ள மூன்று பேரும் எந்தத் திரையில் பதில் போடப் போகிறார்கள்? கிளவுட் ஏபிஐயில் இன்பாக்ஸ் என்று ஒன்று கிடையாது. அது வெறும் குழாய், இந்தப் பக்கம் மெசேஜ் வரும், அந்தப் பக்கம் மெசேஜ் போகும். திரையை நீங்கள்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாட்வூட் போன்ற ஓப்பன் சோர்ஸ் இன்பாக்ஸ் மென்பொருள் ஒன்றை சர்வரில் போட்டுப் பராமரிக்க வேண்டும். மெசேஜ் அனுப்பிப் பார்ப்பது ஒரு மத்தியான வேலை. மெட்டா தரும் சோதனை நம்பரில் ஐந்து பேர் வரை இலவசமாக அனுப்பிப் பார்க்கலாம், அதைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். மீதி வேலைக்கு எனக்கு முதல் தடவை இரண்டு மாதம் ஆனது.

எங்கே அடி விழும் என்று சொல்கிறேன், தம்பிக்குக் காட்டுங்கள்.

மெசேஜ் வந்ததும் மெட்டா உங்கள் வெப்ஹூக்கை, அதாவது மெசேஜை வாங்கிக்கொள்ள உங்கள் சர்வரில் வைத்திருக்கும் முகவரியை, தட்டும். உடனே 200, அதாவது கிடைத்தது, என்று பதில் சொல்லிவிட்டு, வேலையை அப்புறம் செய்ய வேண்டும். நான் முதல் கடையில் கூகுள் ஷீட்டைத் திறந்து ஸ்டாக் பார்த்துப் பதில் அனுப்பிவிட்டு அதன் பிறகு 200 சொன்னேன். ஷீட் திறக்க நேரம் ஆனபோதெல்லாம் மெட்டா பக்கம் பதில் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு அதே மெசேஜை மறுபடி அனுப்பியது, வாடிக்கையாளருக்கு ஒரே பதில் மூன்று தடவை போனது. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு ஐடி இருக்கிறது, அதைச் சேமித்து வைத்து, ஏற்கெனவே பார்த்ததா என்று சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அனுப்பியது மெட்டாதானா என்று மெசேஜின் தலைப்பில் வரும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது, உங்கள் வெப்ஹூக் முகவரி தெரிந்த யாரும் பொய் ஆர்டர் தள்ளிவிடலாம்.

ரீசெல்லர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள் இல்லையா, அது படமாக வராது, ஒரு ஐடியாக வரும். அந்த ஐடியைக் கொடுத்தால் ஒரு முகவரி கிடைக்கும், அது ஐந்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும். நான் முகவரியை மட்டும் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன், மறுநாள் காலை கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் கூடத் திறக்கவில்லை. ஐடி கையில் இருந்ததால் மறுபடி கேட்டு வாங்க முடிந்தது. வந்த கையோடு படத்தை இறக்கி உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டோக்கன் விஷயம், அதாவது ஏபிஐக்குள் நுழையும் சாவி. ஆரம்பத்தில் டாஷ்போர்டில் கிடைக்கும் டோக்கன் ஒரு நாளில் செத்துவிடும். ஆளுக்கு இல்லாமல் மென்பொருளுக்காக வைக்கும் சிஸ்டம் யூசர் ஒன்று உருவாக்கி, காலாவதி ஆகாத டோக்கன் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று கூப்பிடுவீர்கள்.

பிசினஸ் சரிபார்ப்புக்கு ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் போதும். அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போர்ட்ஃபோலியோவில் போடுங்கள், இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா என்பது வரை. சரிபார்ப்பு முடியும் வரை 24 மணி நேரத்தில் 250 பேருக்குத்தான் நீங்களாக மெசேஜ் தொடங்க முடியும். முடிந்த பிறகுதான் வரம்பு ஏறும். முதல் நாளே 3,800 பேருக்கு அனுப்பலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கடைசியாக, இரட்டை விற்பனை. ஏபிஐ வாங்கினால் அது தானாக நிற்காது. ஸ்டாக் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், ஒருவர் எடுத்ததும் அங்கே குறைய வேண்டும். கூகுள் ஷீட்டாக இருந்தாலும் சரி. அதை இந்த வாரமே செய்யலாம், அதற்கு ஏபிஐ தேவையில்லை.

---

இளம்பிள்ளை தறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தீவனக் கடை அண்ணன் எழுதியதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தறி பார்த்துவிட்டு வந்து, அது வேண்டாம் என்றார். ஒரு வழி கழிந்தது.

இன்னும் இரண்டு கேள்வி. காசு மொத்தம் எவ்வளவு வரும்? தினம் 40 படம் 3,800 பேருக்கு அனுப்பித்தான் பழக்கம். அப்புறம், அப்பா போனில் ஆப்பை விடமாட்டேன் என்கிறார். வாய்ஸ் நோட்டில் பேசித்தான் அவருக்குப் பழக்கம், ரீசெல்லர்களும் அவர் குரலைக் கேட்டுத்தான் ஆர்டர் போடுகிறார்கள். ஏபிஐக்குப் போனால் நம்பரை ஆப்பில் இருந்து அழிக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

---

கோவை கோடு எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், உங்கள் முடிவையே அது மாற்றும். சாதாரண வழியில் போனால் உண்மைதான், ஆப்பில் கணக்கை அழித்த பிறகுதான் அந்த நம்பரை ஏபிஐயில் பதிய முடியும், போனில் இருக்கும் சாட் எல்லாம் போய்விடும். ஆனால் இப்போது கோஎக்ஸிஸ்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே நம்பர், போனில் பிசினஸ் ஆப்பும் ஓடும், ஏபிஐயும் ஓடும். அப்பா ஆப்பில் பேசுவது இன்பாக்ஸிலும் தெரியும், இன்பாக்ஸில் போடுவது அப்பா போனிலும் தெரியும், ஆறு மாதப் பழைய சாட்டையும் கொண்டுவரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது போனில் ஆப்பைத் திறக்க வேண்டும், அவர் தினம் திறப்பவர், கவலை இல்லை. ஆப்பில் இருந்து அவர் அனுப்புவதற்குக் காசும் கிடையாது.

ஆனால் இது மெட்டாவிடம் பதிவு பெற்ற நிறுவனத்தின் பதிவுத் திரை வழியாகத்தான் கிடைக்கும், தம்பி வீட்டில் உட்கார்ந்து நேரடியாகச் செய்யும் கணக்கில் கிடைக்காது. நேரடி வழியை விரும்புகிறவன் நான், ஆனாலும் அப்பாவின் வாய்ஸ் நோட்டுக்காக மட்டுமே உங்களை நிறுவனம் வழியாகப் போகச் சொல்கிறேன். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், கோஎக்ஸிஸ்டன்ஸ் போட்டதும் ஆப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட் வேலை செய்யாது. அந்தப் பதினைந்து லிஸ்ட்டும் போய்விடும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இப்போது காசு. ஏபிஐ வழியாக நீங்களாகத் தொடங்கும் மெசேஜ் எல்லாம் மெட்டாவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரி வாசகமாகத்தான் போக வேண்டும். 2025 ஜூலையில் இருந்து மெசேஜ் கணக்கில்தான் கட்டணம். மார்க்கெட்டிங் வகைக்கு இந்தியாவில் ஜிஎஸ்டி சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் என்று வையுங்கள். கொரியர் டிராக்கிங், பில் மாதிரியான யூட்டிலிட்டி வகைக்கு பதினைந்து பைசா பக்கம். 3,800 பேருக்கு ஒரே ஒரு படம் அனுப்பினால் 3,800 ரூபாய். 40 படம் தனித்தனியாக என்றால் ஒரு நாளைக்கு 1,52,000. பத்துப் படம் வரை ஒரே மெசேஜில் அடுக்கும் கேரோசல் டெம்ப்ளேட் இருக்கிறது, அதில் 40 படத்தை நான்கு மெசேஜாகச் சுருக்கினாலும் நாளைக்கு 15,200. இது ஓடாது. இன்னொரு பக்கம், ஒருவருக்கு அதிகமாக மார்க்கெட்டிங் மெசேஜ் போனால் மெட்டாவே தடுத்து நிறுத்தும், நீங்கள் அனுப்பினாலும் போய்ச் சேராது.

அதனால் திசையைத் திருப்புங்கள். வாடிக்கையாளர் முதலில் மெசேஜ் போட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்கு நீங்கள் என்ன அனுப்பினாலும், டெம்ப்ளேட் இல்லாத சாதாரண மெசேஜாக, மெட்டா காசு வாங்குவதில்லை. 2024 நவம்பர் 1 முதல் இப்படித்தான். அந்த நேரத்துக்குள் போகும் யூட்டிலிட்டி டெம்ப்ளேட்டும் இலவசம். ஆக, ரீசெல்லர் "இன்று" என்று ஒரு சொல் அனுப்பினால் அன்றைய 40 படமும் அவருக்குப் போகிற மாதிரி செய்யுங்கள். படத்துக்குக் காசு பூஜ்யம். படத்தை ஒரு தடவை ஏற்றினால் வரும் ஐடியை எல்லோருக்கும் பயன்படுத்தலாம், 30 நாள் இருக்கும். ஒரே ஆளுக்கு ஆறு வினாடிக்கு ஒரு மெசேஜ் என்பது பொதுக் கணக்கு, கொஞ்சம் சேர்த்து அனுப்ப விடுவார்கள், ஆனால் வரிசையில் போட்டு நிதானமாக அனுப்புங்கள்.

"இன்று" போடுங்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாட்ஸ்அப் சேனல் ஒன்று வேறொரு நம்பரில் தொடங்குங்கள். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது, இலவசம், ஆள் கணக்கு வரம்பு கிடையாது. தினம் ஐந்து மணிக்கு அதில் நான்கு நல்ல படம், கீழே உங்கள் கடை நம்பருக்கு லிங்க். மார்க்கெட்டிங் டெம்ப்ளேட் மாதம் ஒன்றோ இரண்டோ, ஆடி, தீபாவளி, பொங்கல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் வருகிறது. மெட்டா இலவசமாக விடும் மெசேஜுக்கும் நீங்கள் காசு போடுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. ட்விலியோ என்ற நிறுவனம் மெசேஜுக்கு 0.005 டாலர் தன் கட்டணமாக வாங்குகிறது, வருவதற்கும் போவதற்கும். 360டயலாக் என்ற இன்னொரு நிறுவனம் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு மெட்டா கட்டணத்தின் மேல் எதுவும் ஏற்றுவதில்லை. ஒருவருக்கு 40 படம் அனுப்பும் உங்களுக்கு மெசேஜ் கணக்கு ஒத்துவராது, மாதச் சந்தா கணக்குதான் ஒத்துவரும். மெசேஜ் கொஞ்சமாகவே போகும் பல் டாக்டர் கிளினிக் ஒன்றுக்கு இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருப்பேன்.

---

மூன்றாம் மாடி எழுதியது:

நான் இந்தத் தொழிலின் இன்னொரு முனை. அம்பத்தூரில் வீட்டில் இருந்து புடவை ரீசெல் செய்கிறேன், ஆறு வருடம் ஆகிறது. எத்தனை பேரிடம் வாங்குகிறேன் தெரியுமா, இளம்பிள்ளையிலேயே ஒன்பது பேர், அப்புறம் ஆரணி, சின்னாளப்பட்டி. ஒவ்வொருவரும் தினம் 40 படம் அனுப்பினால் என் போனில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து அழிக்கிறேன். போன வருடம் மூன்று பேரை பிளாக் செய்தேன், அவர்கள் புடவை மோசம் என்று இல்லை, போனில் இடம் இல்லை.

எனக்கு வேண்டியது படம் இல்லை. பதில். ஒரு வாடிக்கையாளர் என் எதிரில் உட்கார்ந்து அந்த மயில் கழுத்துக் கலர் இருக்கிறதா என்று கேட்கும்போது, நான் உங்களுக்குப் போட்ட மெசேஜுக்கு இரண்டு மணி நேரம் கழித்து "இல்லக்கா, போயிடுச்சு" என்று வந்தால் அந்த வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். இருக்கு அல்லது இல்லை, ஐந்து நிமிடத்துக்குள். மெஷின் சொன்னாலும் சரி, அப்பா சொன்னாலும் சரி. அதற்கு அடுத்தபடி கொரியர் நம்பர். பார்சல் போட்ட அன்றைக்கே நம்பர் வந்தால் நான் உங்களைக் கூப்பிடவே மாட்டேன். பணம் கட்டிவிட்டு நம்பருக்காக மூன்று நாள் காத்திருக்கும்போது என் வாடிக்கையாளர் என்னை நம்பாமல் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நீங்கள் யாரும் பார்ப்பதில்லை.

"இன்று" என்று கேட்டால் படம் வரும் என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எனக்குத் தேவைப்படும் அன்றைக்குக் கேட்டுக்கொள்வேன்.

---

மாட்டுத்தாவணி எழுதியது:

அக்கா சொன்ன பிளாக் விஷயத்தைத் தம்பி சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏபிஐயில் ஒவ்வொரு நம்பருக்கும் தர மதிப்பு என்று பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். நிறையப் பேர் பிளாக் செய்தாலோ புகார் செய்தாலோ அது இறங்கும், டெம்ப்ளேட்டை நிறுத்தி வைப்பார்கள், வரம்பும் ஏறாது. எனக்கு ஒரு தடவை மஞ்சளுக்கு வந்தது. பொங்கல் வாழ்த்தோடு ஆஃபர் அனுப்பினேன், இரண்டு வருடமாக என்னிடம் எதுவும் வாங்காதவர்களுக்கும் சேர்த்து. அப்போதிருந்து ஆறு மாதத்துக்குள் பேசியவர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன்.

இன்னொன்று. கொரியர் டெம்ப்ளேட்டில் கடைசியில் ஆசையாக "எங்கள் புதிய கலெக்‌ஷனையும் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்காக மெட்டா அதை மார்க்கெட்டிங் வகையில் போட்டுவிடும், பதினைந்து பைசா மெசேஜ் ஒரு ரூபாய் ஆகிவிடும். பெயர், பில் நம்பர், கொரியர் நம்பர், அவ்வளவோடு நிறுத்துங்கள்.

---

இளம்பிள்ளை தறி எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். என்ன செய்தோம் என்று சொல்லாமல் விடுவது முறையில்லை.

போர்ட்ஃபோலியோவை முதலில் எங்கள் பெயரில் திறந்தோம். ஜிஎஸ்டி சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, நான் பழக்கத்தில் முன்னால் போட்டேன், முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். திருத்திப் போட்டதும் இரண்டு நாளில் சரிபார்ப்பு முடிந்தது. கோவை கோடு அண்ணன் எழுதிய கேள்வியை மூன்று நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒருவர் போனில் மட்டும் பேசினார், எழுதித் தரமாட்டேன் என்றார். ஒருவர் இலவச மெசேஜுக்கும் பத்துப் பைசா என்றார். மூன்றாமவர் மாதம் 1,800, மெசேஜ் மேல் எதுவும் இல்லை, கோஎக்ஸிஸ்டன்ஸ் உண்டு என்று எழுதிக் கொடுத்தார், அவரிடம் போனோம். பின் நம்பர் அப்பாவின் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

தம்பிக்கும் வேலை கொடுத்தேன். ஸ்டாக் ஷீட்டையும், அதை நிறுவனத்தின் வெப்ஹூக்கோடு இணைப்பதையும் அவன்தான் செய்தான். புடவை ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண், படத்தின் மேலேயே அந்த எண்ணை எழுதி அனுப்புகிறோம். ரீசெல்லர் எண்ணை மட்டும் அனுப்பினால் இருக்கு, இல்லை என்று உடனே பதில் போகிறது. இந்தப் பதினெட்டு நாளில் இரட்டை விற்பனை ஒன்றே ஒன்று, அதுவும் கடைக்கு நேரில் வந்தவருக்குக் கொடுத்துவிட்டு ஷீட்டில் குறைக்க மறந்ததால்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு அக்கா வாய்ஸ் நோட்டில் ஏதோ கேட்டார், அப்பா போனில் இருந்தே பதில் பேசினார், அதே சாட்டில் கீழே அவர் கேட்ட எண்ணுக்கு ஸ்டாக் பதிலும் தானாக வந்து நின்றது. அப்பா போனை என்னிடம் நீட்டி, இது யார் போட்டது என்று கேட்டார்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. "இன்று" என்று யாருமே ஒழுங்காக எழுதுவதில்லை. "இன்னிக்கு", "இன்னைக்கு", "புதுசு", ஆங்கில எழுத்தில் நான்கு விதம், பாதிப் பேர் வாய்ஸ் நோட். எதையெல்லாம் பட்டியலில் சேர்ப்பது?

---

கோவை கோடு எழுதியது:

பட்டியலே வேண்டாம். சேனலில் போடும் லிங்க்கிலேயே சொல்லை முன்கூட்டி எழுதி வைக்கலாம், அதைத் தொட்டால் உங்கள் சாட் திறந்து "இன்று" என்று தட்டச்சாகி நிற்கும், அவர்கள் அனுப்பும் அம்பை மட்டும் தொட்டால் போதும். சாட்டுக்குள் நேராக வருபவர்களுக்கு, புரியாத மெசேஜ் எதுவாக இருந்தாலும் மூன்று பட்டன் அனுப்புங்கள்: இன்றைய புடவை, ஸ்டாக் பார்க்க, கொரியர் நம்பர். வாய்ஸ் நோட்டை மட்டும் மெஷின் தொட வேண்டாம், அது அப்பாவுக்கு வந்தது.

---

மூன்றாம் மாடி எழுதியது:

தம்பி, உங்கள் சேனல் லிங்க்கை இங்கே போடாதீர்கள், எனக்கு மெசேஜில் அனுப்புங்கள். தை மாதக் கல்யாணத்துக்கு ஒரே மாதிரி பன்னிரண்டு புடவை வேண்டும், மஞ்சளில் அரக்கு பார்டர். இருக்கிறதா?